பீடத்தில் பன்னிரண்டு ஜேர்சிகள்

எங்கள் வீட்டு மதிலுக்கு மறுபக்கம் ஒரு வாடி இருக்கிறது. படகுகளைக் கரையில் ஏற்றிய பிறகு ஆண்கள் அந்த ஓலைக் கொட்டிலுக்குள் இருந்து கிழிந்த வலைகளைத் தைப்பார்கள். கை வலையில் இருக்கும், வாய் உதைபந்தாட்டத்தில் இருக்கும். மதில் என் தலையைவிட ஒரு சாண்தான் உயரம். அங்கே பேசுவதெல்லாம் கொடியில் காயும் பிள்ளையின் துணிகளைத் தாண்டி நேரே என் காதுக்குள் வந்துவிடும். அது அவர்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

போன சோளகக் காற்றுக் காலத்தில், இறுதிப் போட்டிக்கு முந்திய கிழமை முழுவதும், அவர்கள் பேசியது எங்கள் ஊர் அணியின் பின்களத்தில் பெக்காக நிற்கும் என் கணவரைப் பற்றி.

“மூண்டு கோல் அடிச்சு வைச்சிருக்கேக்க ரெண்டு கோலைத் திருப்பி வாங்கிறதெண்டா அது பெக்கோ, திறந்துவிட்ட படலையோ?”

இது ஒரு காலத்தில் எங்கள் ஊர் அணிக்குக் கோல் காத்தவர். இப்போது முதுகு வளைந்துவிட்டது, குரல் மட்டும் வளையவில்லை.

“அரையிறுதியில வெண்டதுதானே அண்ணை?” என்றார் நானா. முசலிப் பக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு மீன் வாங்க வரும் முஸ்லிம் அண்ணர், ஊருக்கே நானா. மீன் வாங்கி முடிந்த பிறகும் போகமாட்டார்.

“வெண்டது முன்னுக்கு நிண்ட பெடியளால. பின்னுக்கு நிண்டவராலயோ? கலியாணம் கட்டினவனை ஸ்ரொப்பரா விட்டா இதுதான். பந்து வரேக்க அவர் பிள்ளைக்குப் பால்மா முடிஞ்சுதோ எண்டு யோசிச்சுக்கொண்டு நிக்கிறார்.”

வாடி முழுக்கச் சிரிப்பு. நான் கையில் ஈரத் துணியோடு நின்றேன். பால்மா அன்று உண்மையாகவே முடிந்திருந்தது.

“நீங்க கோலுக்க நிக்கேக்க எத்தினை விட்டனீங்க எண்டு எங்கட ஊரில கேளுங்க அண்ணை, இண்டைக்கும் சிரிப்பாங்க” என்றார் நானா.

“டேய், அது வேற காலம். நான் சொல்லுறன், அந்தச் சின்னப் பெடியனைப் போடவேணும். அவன்ர ஓட்டத்தைப் பாத்தனீங்களோ?”

சின்னப் பெடியன் என்றது அடுத்த ஒழுங்கையில் இருக்கும் பத்தொன்பது வயதுப் பையனை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருந்தான். அவன் ஓடினால் பார்க்கிறவர்களுக்கும் மூச்சு வாங்கும். அவனா, என் கணவரா? பின்களத்தின் நடுவில் யார் நிற்பது? ஊரில் இரண்டு பேர் சந்தித்தால் இந்தக் கதைதான். கோயில் வாசலில், பால் சபைக்கு முன்னால், தள்ளாடிச் சந்தியால் வரும் பஸ்ஸுக்குள்ளே. நான் படிப்பிக்கும் முன்பள்ளிக்குப் பிள்ளைகளை விடவந்த தாய்மாரும் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துவார்கள்.

அந்தப் பருவம் எங்களுக்குத் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் போனது. வெல்ல வேண்டிய ஆட்டங்களைச் சமன் செய்தோம். சமன் செய்யவேண்டியவற்றைக் கடைசி நேரத்தில் தோற்றோம். பிறகு எப்படியோ நாலைந்தை வரிசையாக வென்று இறுதிக்கு வந்துவிட்டோம். எப்படி வந்தோம் என்பதை வாடியில் ஒருவராலும் விளக்க முடியவில்லை.

எனக்கென்றும் ஒரு கருத்து இருந்தது. பெண்கள் இருக்கும் பக்கத்திலிருந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எல்லா ஆட்டங்களையும் பார்த்தவள் நான். வாங்கிய கோல்களில் பெரும்பாலானவை எங்கள் வலப்பக்கத்தால் வந்தன. வலது பெக் பந்தோடு மேலே போவான், திரும்பி வரமாட்டான். அந்த இடத்தை மூட என் கணவர் ஓடவேண்டும். அவர் ஓடினால் நடு வெறுமையாகும். கோல் விழுந்ததும் பார்ப்பவர்களுக்குத் தெரிவது அவர் இல்லாத அந்த நடு மட்டும்தான். ஆனால் நான் எப்படிச் சொல்வது? உதைபந்தாட்டத்தைக் கலியாணத்துக்குப் பிறகு பழகியவள். மனுசி என்றபடியால் எனக்கு அப்படித் தெரிகிறதோ என்றும் யோசித்தேன். அதோடு அந்த வலது பெக், மதிலுக்கு அப்பால் சத்தம் போடும் பழைய கோல்காரரின் சொந்த மகன். ஆகவே அந்தக் கருத்து என்னோடே இருந்தது.

இன்னொன்றும் என்னோடு இருந்தது. படகிலிருந்து குதிக்கும்போது என் கணவரின் வலது முழங்கால் ஒருமுறை பிரண்டுவிட்டது. பகலில் ஒன்றும் தெரியாது, பின்னேரமானால் வீங்கும். கேட்டால் “ஒண்டுமில்லை” என்பார். அவருக்கு முப்பத்திரண்டு வயது. ஊர் அணி கடைசியாக ஓர் இறுதிப் போட்டிக்கு வந்தபோது அவர் பள்ளிக்கூடப் பையன், வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர். இதை விட்டால் அவருக்கு இன்னொன்று கிடைக்காது. ஆடி அந்தக் கால் போனால் கடலுக்குப் போக முடியாது. இரண்டும் எனக்குத் தெரிந்திருந்தன. எதை நினைத்து எதற்குப் பயப்படுவது என்பதுதான் தெரியவில்லை.

எங்கள் ஊரில் இறுதிப் போட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆடும் பதினொரு பேரின் ஜேர்சிகளையும் அவரவர் தாயோ மனைவியோ தோய்த்து, அயன் பண்ணி, ஞாயிறு காலைப் பூசைக்குக் கொண்டுபோய்ப் புனிதரின் பீடத்தில் வைக்க வேண்டும். பங்குத்தந்தை தீர்த்தம் தெளிப்பார். பதினொன்றுதான், மற்றவர்களின் ஜேர்சி வீட்டிலிருந்து நேரே மைதானத்துக்குப் போகும். ஆசீர்வதித்த ஜேர்சியை வெளியே வாங்கில் இருத்தி வைக்கக் கூடாது என்பது ஊரின் நம்பிக்கை. யார் ஆடுவது என்பதை அணிப் பொறுப்பாளர் சனிக்கிழமை பின்னேரம் வீடு வீடாகப் போய்ச் சொல்வார். சொன்ன வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணி குடிப்பார். அவர் எந்த வீட்டில் தேத்தண்ணி குடித்தார் என்பது, அவர் அடுத்த ஒழுங்கைக்குத் திரும்புமுன் ஊருக்குத் தெரிந்துவிடும்.

பொறுப்பாளர் என் கணவரின் தாய்மாமன். அந்தச் சனிக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் கணவர் கரையில் இருந்தார். வேண்டுமென்றேதான் அந்த நேரம் பார்த்து வந்திருக்கிறார்.

“பிள்ளை, அவன்ர முழங்கால் எப்பிடி?”

“ஏன் மாமா?”

“அவனிட்டக் கேட்டா ஒண்டுமில்லை எண்டுதான் சொல்லுவான். பின்னேரத்தில எண்ணெய் பூசிறது நீங்கள்தானே? கடைக்காரன் சொன்னவன், கிழமைக்கு ஒரு போத்தல் வாங்கிறியளாம்.”

பிள்ளை என் தோளில் கிடந்து அழத் தொடங்கினாள். பல் முளைக்கும் நேரம், கையில் கிடைப்பதையெல்லாம் கடித்தாள்.

“நான் என்னெண்டு மாமா சொல்லுறது? ஒரு நாளைக்கு நல்லாயிருக்கு, ஒரு நாளைக்கு...”

“இப்ப சொல்லவேண்டாம். கால் தாங்கும் எண்டு நினைச்சா விடியப் பூசைக்கு ஜேர்சியைக் கொண்டு வாங்கோ. இல்லையெண்டு நினைச்சா சும்மா வாங்கோ. நான் அந்தச் சின்னப் பெடியன்ர தாயைப் பிடிச்சு வீட்ட ஓட விடுறன், பூசை முடியக்கு முன்னம் கொண்டந்திடுவா. அவன் கேட்டா நான்தான் நிப்பாட்டினனான் எண்டு சொல்லுவன். உங்களில பழி வராது.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அவர் படலையைச் சாத்திய பிறகுதான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கவில்லை என்பது எனக்கு நினைவு வந்தது. அப்போது அது பெரிய விஷயமாகப் படவில்லை.

என் கணவர் வந்ததும் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். குந்தியிருந்து பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டினார். எழும்பும்போது கதிரையின் கையைப் பிடித்தார். அப்படியென்றால் கொண்டுபோகக் கூடாது என்று முடிவெடுத்தேன். சிறிது நேரத்தில், கதிரை பக்கத்தில் இருந்தால் யாரும் பிடித்துத்தானே எழும்புவார்கள் என்று தோன்றியது. மாமா வந்தாரா என்று அவர் கேட்கவில்லை. அன்று இருட்டும்வரை படலைப் பக்கம் மட்டும் நாலைந்து தரம் பார்த்தார்.

விடிய ஜேர்சியை அயன் பண்ணினேன். சும்மா, சுருங்கிக் கிடக்கிறதே என்று. பிறகு அதை மடித்துப் பிள்ளையின் பையில் துணிகளுக்குக் கீழே வைத்தேன். அதுவும் சும்மாதான்.

பூசை முடிவில் தாய்மார் வரிசையாக எழும்பினார்கள். கையில் நீல ஜேர்சிகள், சிலர் தட்டில் வைத்து மல்லிகைப் பூவும் போட்டிருந்தார்கள். ஆண்கள் பக்கத்தில் என் கணவர் பீடத்தைப் பார்க்காமல், முன் வாங்கின் மேல் கைகளைக் கோர்த்து வைத்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்து நான் கேட்டதையெல்லாம் அவரும் கேட்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதே வீடு, அதே மதில். ஒரு நாளாவது அதைப் பற்றி என்னிடம் வாய் திறந்ததில்லை.

நான் எழும்பினேன். பைக்குள் கையை விட்டு இழுத்தபோது ஒரு பால் போத்தல் உருண்டு கீழே விழுந்தது. பிள்ளையை ஒரு கையிலும் ஜேர்சியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றேன். திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

தீர்த்தம் தெளித்து முடிந்தது. மாமா பீடத்தருகே போய் எண்ணினார். இன்னொரு தரம் எண்ணினார். பிறகு தொப்பி போடாத தலையைத் தொப்பி போட்டிருப்பதுபோலத் தடவினார்.

பன்னிரண்டு இருந்தன.

சின்னப் பெடியனின் தாயும் கொண்டுவந்து வைத்திருந்தார். கோயில் முற்றத்துக்கு வந்ததும் மாமா அவரைக் கேட்டார்.

“உங்களை ஆர் கொண்டரச் சொன்னது?”

“ஆர் சொல்லவேணும்? நீங்கள் இந்தப் பிள்ளையின்ர வீட்டில தேத்தண்ணி குடிக்காமல் வெளிக்கிட்டதை என்ர கண்ணால கண்டனான். அப்ப அவர் இல்லை. அவர் இல்லையெண்டா என்ர மகன்தானே? நீங்கள் வருவியள் எண்டு கேத்திலை அடுப்பில வைச்சுக்கொண்டு இருந்தனான். தண்ணி வத்தினதுதான் மிச்சம்.”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். “பிள்ளை அழுதது அன்ரி, நான் மறந்துபோனன்” என்றேன். அழ வேண்டும் போலவும் சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது.

மாமா பங்குத்தந்தையைப் பார்த்தார். “சுவாமி, என்ன செய்யிறது?”

“நான் ஆசீர்வதிச்சது ஆசீர்வதிச்சதுதான். திருப்பி எடுக்க ஏலாது. கூட்டல் கழித்தல் உங்கட பாடு” என்று சொல்லிவிட்டு அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு கோயில் முற்றம் வாடியாகிவிட்டது. ஒருவரை எப்படி இருத்துவது? யாருடைய ஜேர்சியை? பழைய கோல்காரர் கையை உயர்த்தினார்.

“ரெண்டு பேரையும் பின்னுக்கு விடு. அஞ்சு பெக்.”

“அஞ்சு பேர் பின்னுக்கு நிண்டா முன்னுக்கு ஆர், புனிதரோ?” என்றார் நானா. ஞாயிற்றுக்கிழமை மீன் இல்லை. ஆட்டத்துக்காகவே விடியற்காலையில் வந்து கோயில் வாசலில் காத்து நின்றவர் அவர்.

அப்போது முன்வரிசையில் ஆடுபவர்களில் ஒருவன், எப்போதும் சண்டை பிடிப்பவன், முன்னுக்கு வந்தான். “மாமா, நான் முதல்ல வெளியில நிக்கிறன். பேந்து ஆரையாவது எடுக்கேக்க என்னை விடுங்கோ. அப்ப பன்னிரண்டும் இறங்கினதாப் போச்சுத்தானே?”

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நிற்கும் இடங்களை மணலில் கீறினார்கள். என் கணவர் எல்லோருக்கும் பின்னால், பெடியன் அவருக்கு முன்னால் ஓடித் திரிவது. என் கணவர் அந்தக் கீறலை எட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கூட்டத்துக்குள் என்னைத் தேடினார். அந்த முகத்தை நான் எங்கள் பிள்ளை பிறந்த அன்று ஒரு தரம் பார்த்திருக்கிறேன்.

போகுமுன் மாமா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். “வாங்குக்குப் பின்னால நில்லுங்கோ. கால் பிடிச்சா அவன் எனக்குக் காட்டமாட்டான்.”

பின்னேரம் மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. பெரியமடுவிலிருந்துகூட ஒரு லொறி நிறைய வந்திருந்தார்கள். விருந்தினர்களுக்கு மாலை போட்டு, ஒவ்வொருவராகப் பேசி, ஆட்டம் தொடங்கவே நேரம் போய்விட்டது. சோளகம் புழுதியை வாரி முகத்தில் எறிந்தது. வெடிச் சத்தத்துக்குப் பயந்து பிள்ளையின் காதுகளை என் கணவரின் துவாயால் சுற்றிக் கட்டியிருந்தேன். அவளோ காலை உதைத்துச் சிரித்தாள். பயம் எனக்குத்தான்.

முதல் பாதியில் நாங்கள் ஒரு கோணர் அடியிலிருந்து கோல் அடித்தோம். யாருடைய தலையில் பட்டதென்று இன்றுவரை சண்டை. ஆனால் என்னைத் துள்ள வைத்தது அது இல்லை, பின்களம். வலது பெக் வழக்கம்போல மேலே போனான், திரும்பி வரவில்லை. ஆனால் இந்த முறை அந்தப் பெடியன் ஓடிப்போய் அந்த இடத்தை மூடினான். என் கணவர் நடுவை விட்டு அசையவில்லை. காற்றில் உயர்ந்து தயங்கி நின்ற பந்துகளையெல்லாம் கீழே காத்து நின்று எடுத்தார். அவர் “இடம்! இடம்!” என்று கத்த, அவன் பாய்ந்தான். பருவம் முழுவதும் யாரைப் போடுவது, யாரைப் போடுவது என்று அடிபட்டார்களே, இரண்டு பேரும் ஒன்றாக நின்றால் இப்படியா இருக்கும்!

“பாத்தியோ? பாத்தியோ?” பழைய கோல்காரர் நானாவின் முதுகில் அடித்தார். “அஞ்சு பெக் எண்டு ஆர் சொன்னது?”

“என்ர முதுகு அண்ணை, அது பெக் இல்லை!”

இரண்டாம் பாதியில் காற்று எங்களுக்கு எதிர். அவர்கள் அலை அலையாக வந்தார்கள். நான் பந்தைப் பார்ப்பதை விட்டு அவர் காலைப் பார்த்தேன். முழங்கால் நோகும்போது அவர் நொண்டமாட்டார், தடவமாட்டார். வலது காலின் சொக்ஸை முழங்கால்வரை இழுத்து விடுவார். வீட்டில் சாரம் கட்டிக்கொண்டு இருக்கும்போதுகூடக் கை தானாக அந்த இடத்துக்குப் போய்வரும். இது எனக்கு மட்டும் தெரிந்தது.

இழுத்தார்.

ஒருவேளை சும்மா இழுத்திருக்கலாம். சொக்ஸ் கழன்றிருக்கலாம். ஒன்றுக்குப் பூச்சியம் என்று முன்னால் நிற்கிறோம். இன்னும் கொஞ்ச நேரம்தான். இப்போது அவரை எடுத்தால், பிறகு கோல் விழுந்தால்? எடுக்காமல் விட்டு அவர் விழுந்தால்? நான் பிள்ளையை மாற்றி மாற்றித் தோளில் போட்டேன்.

மறுபடியும் இழுத்தார்.

“மாமா, எடுங்கோ. அவரை எடுங்கோ.”

மாமா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். கையை உயர்த்தினார்.

மைதானம் குமுறியது. “விசரோ? நல்லா ஆடுறவனை எடுக்கிறான்!” “மருமகனில என்ன கோவம்?” கத்தியவர்களில் பெரிய சத்தம், கிழமை முழுவதும் அவரை எடு எடு என்றவருடையது. என் கணவர் வெளியே வந்து வாங்கில் இருந்தார். முன்வரிசைக்காரன் ஓடி உள்ளே போனான். பன்னிரண்டாவது ஜேர்சியும் இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு பெடியன் நடுவுக்கு வந்தான். ஒரு பந்தைக் கோல் கோட்டிலிருந்தே உதைத்து வெளியே அனுப்பினான். அவன் தாய் என் தோளைப் பிடித்து நகம் பதியும்படி இறுக்கினார். இன்னொன்று கம்பத்தில் பட்டது. கடைசியாக எங்கள் வலப்பக்கத்தால் ஒருவன் தனியே வந்தான். மூட யாரும் இல்லை. ஒன்றுக்கு ஒன்று.

விசில் ஊதியபோது பந்து மங்கலாகத்தான் தெரிந்தது. பெனால்டி உதைக்க வெளிச்சம் இல்லை என்று நடுவர் சொல்லிவிட்டார். இரண்டு ஊர்க்காரரும் கூடிக் கதைத்து, கேடயம் இருவருக்கும் என்று முடிவானது. பாதி வருடம் அவர்களிடம், பாதி வருடம் எங்களிடம். யாருக்கு முதலில் என்று காசைச் சுண்டிப் பார்த்தார்கள். எங்களுக்கு விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தால், பத்துக் கோலால் வென்றுவிட்டோம் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். கேடயத்தை உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றினோம். சின்னப் பெடியன் என் கணவரையும் கையைப் பிடித்து இழுத்து அதன் பின்பெட்டியில் ஏற்றினான்.

வீட்டுக்கு வந்ததும் நானா தந்துவிட்டுப்போன ஐஸை அவர் முழங்காலில் வைத்தேன். மீன் வாடை அடித்தது. சொல்லிவிட வேண்டும், மாமா பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாலும் நான் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திவிட்டார்.

“சொக்ஸைப் பாத்தனியோ?”

“ஓம்.”

“எத்தினை தரம்?”

“ரெண்டு தரம்.”

“மூண்டு. முதலாவதை நீ விட்டிட்டாய்.” ஐஸைச் சற்றுத் தள்ளி வைத்தார். “நானாப் போய் என்னை எடுங்கோ எண்டு எப்பிடிக் கேக்கிறது? நீ பாப்பாய் எண்டுதான் இழுத்தனான்.”

பிள்ளை தவழ்ந்து வந்து ஐஸைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினாள்.

அடுத்த நாள் பின்னேரம் துணி காயப் போடும்போது வாடியில் சண்டை உச்சத்தில் இருந்தது. அவரை எடுத்திருக்காவிட்டால் கேடயம் முழுவதும் எங்களுடையது என்றார்கள். மாமாவுக்குக் கண் தெரியாது என்றார்கள். வருகிற வருடம் பொறுப்பாளரை மாற்ற வேண்டும் என்றார் பழைய கோல்காரர். மாமா ஒரு மூலையில் இருந்து வலை தைத்துக்கொண்டிருந்தாராம், வாய் திறக்கவில்லை.

நான் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி மதிலுக்கு மேலால் தலையை நீட்டினேன்.

“அவரை எடுக்கச் சொன்னது நான். கால் வீங்கிக் கிடக்கு. மாமாவில ஒரு பிழையுமில்லை.”

வலைக் கைகளெல்லாம் நின்றன. நானா தொப்பியைக் கழற்றினார். பழைய கோல்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார், பிறகு கொடியில் கிடந்த பிள்ளையின் துணிகளைப் பார்த்தார். இத்தனை நாளும் நான் இங்கே நின்றிருக்கிறேன் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும்.

“ஓ” என்றார். பிறகு பழைய கிண்டல் குரலுக்கே திரும்பினார். “அப்ப பிள்ளை, வாற வருசத்துக்கும் நீங்களே சொல்லுங்கோவன். பெக்குக்கு ஆரைப் போடுறது, ஆரை எடுக்கிறது?”

சிரித்துவிட்டு இறங்கியிருக்கலாம். எந்த விஷயத்தையும் இரண்டு தரம் யோசிக்கிறவள் நான். அன்று ஒரு தரமும் யோசிக்கவில்லை.

“முதல்ல வலது பெக்கை மாத்துங்கோ அங்கிள். அவன் மேல போனா வாறானில்லை.”

முதலில் நானாவின் சிரிப்பு வெடித்தது. “நான் சொன்னனான்! வருசம் முழுக்கச் சொன்னனான்!” என்று யாரோ கத்த, “ஆர்ர மகனைப் பற்றிக் கதைக்கிறியள்?” என்று பழைய கோல்காரர் எழும்ப, எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள். அதற்குள் மாமாவின் குரல், “பிள்ளை, இறங்காதேங்கோ, நில்லுங்கோ, அரையிறுதியில விழுந்த ரெண்டாவது கோலைச் சொல்லுங்கோ” என்றது.

எனக்குப் பின்னால் வீட்டு வாசலில் என் கணவர் ஒற்றைக் காலில் நின்று, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

நான் வாளியின் மேலேயே நின்று, ஈரக் கையால் காற்றில் மைதானத்தைக் கீறி, சொல்லத் தொடங்கினேன்.